மேடம் சொன்னாங்க

பொறாமைப்படுவதற்கென்று சிலர் தனியாக உட்கார வேண்டும். டிரைவிங் அக்காவுக்கு அந்தச் சிரமமே கிடையாது. கியரை மாற்றச் சொல்லிக்கொண்டே பொறாமைப்படுவாள். டீயை ஆற்றிக்கொண்டே பொறாமைப்படுவாள். யார் மீது என்று கேட்டால் பட்டியல் நீளமாக வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான், அவளுடைய ஒரே மகள். அந்தப் பெண் யாரைப் பார்த்தாவது ஒரு சிரிப்பு கூடுதலாகச் சிரித்துவிட்டால் போதும், அக்காவுக்குக் காதில் புகை வரும்.

கைக்குழந்தையாக இருந்தபோது அது முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து. அன்றோடு அக்கா அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். தான் செய்த குற்றம் என்னவென்று அந்த அப்பாவிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பள்ளியில் சேர்ந்த வருடம் ஒரு டீச்சர் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அது குதித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டியது. அக்கா உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். "இது அவங்க முடிச்சு. நம்ம வீட்டு முடிச்சு இப்படி" என்று வேறு மாதிரி கட்டிவிட்டாள். பாவம், அந்தக் குழந்தை பள்ளியில் ஒரு முடிச்சும் வீட்டில் ஒரு முடிச்சுமாகப் போட்டுக்கொண்டே வளர்ந்தது.

கணவர் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நகல் எடுத்து எடுத்தோ என்னவோ, எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "பொறாமைக்குன்னு டாக்டர் பட்டம் குடுத்தா உனக்குத்தான் குடுக்கணும்" என்று ஒருநாள் சொன்னார்.

"ஏன், அதையும் வேற எவளுக்காவது குடுத்துட்டாங்களா?" என்றாள் அக்கா.

டிரைவிங் பள்ளிக்கு அவள் முதலில் வந்தது வண்டி ஓட்ட அல்ல, மேசைக்கு. தொலைபேசியை எடுப்பது, யாருக்கு எப்போது வகுப்பு என்று எழுதிவைப்பது, டீ சொல்வது. அதில் சில வருடங்கள் ஓடின. பெண்கள் கற்றுக்கொள்ள வர ஆரம்பித்தபோது, சொல்லித்தரவும் ஒரு பெண் இருந்தால் நன்றாயிருக்கும் என்று முதலாளிக்குத் தோன்றியது. மேசையிலிருந்த இவளைக் கூப்பிட்டு ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். கற்றுக்கொண்டாள். பிறகு கற்றுக்கொடுத்தாள்.

கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. அக்காவின் கால் அந்த பிரேக்கை விட்டு நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. நாலு வீடு தள்ளி ஒரு நாய் கொட்டாவி விட்டாலே மிதித்துவிடுவாள். மாணவிகள் முதுகுக்குப் பின்னால் பிரேக் அக்கா என்றார்கள். அக்காவுக்கும் தெரியும். "மிதிச்சதாலதான் எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேர்றீங்க" என்பாள்.

மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் எடுத்தபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்க்கை அன்று ஏன் இந்தப் படிப்பு என்று யாரோ கேட்டதற்கு அவள், "எங்கம்மா வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறாங்க, நான் வண்டியே செய்யப்போறேன்" என்றாளாம். அக்கா அதைக் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனிடம்கூடச் சொன்னாள்.

கல்லூரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. மகள் விடுதியில் சேர்ந்தாள். வகுப்பு முழுக்கப் பையன்கள், ஒரு வரிசையில் மட்டும் பெண்கள். பட்டறை வகுப்பில் லேத் மெஷினைச் சுற்றிப் பையன்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். இவள் எட்டிப்பார்த்தால், "உன் கையெழுத்து நல்லாருக்கு, நீ ரீடிங் எழுது" என்று நோட்டைக் கையில் திணிப்பார்கள். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. கேலிகூட இல்லை. எழுது என்றார்கள், அவ்வளவுதான். அந்த வருட முடிவுக்குள் ஒரு பெண் வேறு படிப்புக்கு மாறிப் போனாள். இன்னொருத்தி விடுமுறைக்குப் போனவள் திரும்பவே இல்லை.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்து அழுவாள். அக்கா ஆறுதல் சொல்வாள். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது: அந்த அழுகைக்காக அக்கா காத்துக்கொண்டிருப்பாள். மத்தியானத்திலிருந்தே போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். குழந்தை அழுதால் அம்மாவிடம்தானே வருகிறது என்று ஒரு நிம்மதி. மகள் சிரிக்கவேண்டும் என்று வாயால் வேண்டிக்கொண்டாள். மனதால் வேண்டியது வேறு.

இரண்டாம் வருடம் அந்த மேடம் வந்தார்.

அவர் புதிதாக மாற்றலாகி வந்த பேராசிரியை. வந்ததும் முதல் வேலையாக, போய்விட்ட பெண்கள் ஏன் போனார்கள் என்று இருக்கிற பெண்களைக் கேட்டாராம். பிறகு பட்டறைக்குப் பின்னால் பழைய சாமான்கள் அடைந்துகிடந்த ஒரு ஷெட்டைக் காலிசெய்ய வைத்தார். ஒரு பழைய என்ஜினையும் கியர்பாக்ஸையும் கேட்டு வாங்கிப் போட்டார். சனிக்கிழமைகளில் அது பெண்களுக்கு மட்டும். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. ஸ்பேனர் யார் கையில் இருக்கிறதோ, அவளாகக் கீழே வைக்கும்வரை வேறு யாரும் அதை வாங்கக் கூடாது. ஒரு நட்டைக் கழற்ற நாள் முழுக்க ஆனாலும் சரி. மேடம் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு வந்த போன்கள் குறைந்தன. வந்த போன்களிலும் அழுகை இல்லை.

"அம்மா, மேடம் சொன்னாங்க, பயம் இருந்தா பயத்தோடயே செய்யணுமாம்."

"அம்மா, மேடம் சொன்னாங்க, முதல் வருஷப் பொண்ணு ஒருத்திய நான் பார்த்துக்கணுமாம்."

"அம்மா, மேடம் சொன்னாங்க, தலைக்கு எண்ணெய் வெக்காட்டியும் பரவால்ல, மெஷின் பக்கத்துல முடிய இழுத்துக் கட்டணுமாம்."

பத்தொன்பது வருடம் அந்தத் தலையை வாரிவிட்டவளுக்கு அந்தக் கடைசி மேடம் சொன்னாங்கதான் பொறுக்கவே முடியவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்த மகள் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாள். "அம்மா, இங்க பாரு. இது என்ஜினோட சுத்தறது, இதுதான் கிளட்ச் பிளேட்டு. ரெண்டும் ஒட்டியிருந்தா வண்டி ஓடும். நீ மிதிச்சா பிரியும். மேடம் சொன்னாங்க..."

"கிளட்ச்ச எனக்கா சொல்லிக்குடுக்கற? அத மிதிச்சு மிதிச்சுத்தான்டி உனக்குச் சோறு போட்டேன்."

"மிதிக்கறது வேறம்மா, உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கறது வேற."

"அதையும் மேடம் சொன்னாங்களா?"

"ஆமா" என்றது அந்தப் பெண், கள்ளமில்லாமல். அக்கா அந்த இரண்டு தட்டுகளையும் பிடுங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுக் கழுவிய சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. கணவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அவர் தட்டு கையிலேயே இருந்ததால் தப்பித்தது.

மகளின் போனைத் திறந்தால் முன்பு அம்மாவின் முகம் வரும். இப்போது அதில் கையெல்லாம் கிரீஸாக நிற்கும் பெண்கள் கூட்டம். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு பெண்மணி. பெற்ற வயிறு எரிந்ததா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அக்கா சாப்பிடவே இல்லை.

அந்தத் தடித்த கண்ணாடிதான் ஒருநாள் காலையில் டிரைவிங் பள்ளிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி அவரை உட்காரவைத்து விசாரித்தார். மேடம் பாலத்தையொட்டிய புது அடுக்ககத்துக்குக் குடிவந்திருக்கிறார். கல்லூரிப் பேருந்து சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிடுகிறது. அதோடு ஷெட்டைப் பூட்டிவிட்டு வரவேண்டியிருக்கிறது. "எனக்கே ஓட்டத் தெரிஞ்சா பொண்ணுங்களோட இருட்டற வரைக்கும் இருக்கலாம் பாருங்க" என்றார்.

முதலாளி அக்காவைக் காட்டினார். மேடம் எழுந்து கும்பிட்டார். "நீங்கதான் கத்துக்குடுக்கப் போறீங்களா அக்கா? ரொம்ப சந்தோஷம்."

அக்காவா! இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். மகளைப் பறித்துக்கொண்டது போதாதென்று வயதையும் கூட்டுகிறாளே என்று நினைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல உங்க வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கறேன்" என்றாள். நான் இன்னாரின் அம்மா என்று சொல்லவில்லை. மகளிடமும் மூச்சு விடவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இவளிடம், பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் பழிவாங்கவும் தோன்றியது. அதை மறைப்பானேன்.

மற்றவர்களை முதல் வாரம் மைதானத்தில்தான் ஓட்டவைப்பாள். மேடத்தை மூன்றாம் நாளே காய்கறிச் சந்தைத் தெருவுக்குள் விட்டாள். மேடத்துக்கு வியர்த்துக் கொட்டியது. தள்ளுவண்டிக்காரனிடம் சாரி சொன்னார். சைக்கிள்காரனிடம் சாரி சொன்னார். குறுக்கே வந்த ஆட்டிடமும் சொன்னார். நாலு முனைச் சந்திப்பில் எல்லோருக்கும் வழிவிட்டுவிட்டு, கடைசியில் வழி இல்லாமல் நின்றார். பின்னால் ஹாரன்கள் அலறின. அக்கா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. "நீங்க பக்கத்துல இருக்கறதாலதான் இந்தத் தெருவுக்குள்ள வர முடிஞ்சுதுக்கா. தனியா இருந்தா செத்தேன்" என்று சிரித்தார். இப்படிப் பேசித்தான் என் பெண்ணை மயக்கியிருக்கிறாள் என்று அக்கா பல்லைக் கடித்தாள். கடித்த பல்லுக்கு நடுவில் லேசாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அதை உள்ளேயே அமுக்கினாள்.

நேரான சாலை வந்தால் மேடம் பேச ஆரம்பிப்பார். பேச்செல்லாம் ஷெட்டைப் பற்றித்தான். "எங்க பொண்ணுங்க இந்த வாரம் கியர்பாக்ஸ முழுசாப் பிரிச்சுட்டாங்க." "எங்க பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு வெல்டிங் அவ்ளோ சுத்தமா வருது." ஒவ்வொரு எங்க பொண்ணுங்களுக்கும் அக்காவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. மேடம் சாலையில் யாருமில்லையே என்று முழித்தார். "பள்ளம்" என்றாள் அக்கா.

மகள் அந்த வருடம் இன்னொன்றிலும் சேர்ந்திருந்தாள். மாணவர்கள் கூடி ஒரு சின்னப் பந்தய வண்டி செய்து போட்டிக்குக் கொண்டுபோவது அந்தக் கல்லூரி வழக்கம். பிரேக் பகுதி இவள் பொறுப்பு. பெடலை வரைந்து, வெட்டி, பொருத்தி, சரியாகப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தாள். வண்டி முதன்முதலாக ஓடிய அன்று பையன்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். இவளிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார்கள். போட்டிக்கு வெளியூர் போகிற நாள் வந்தபோது, "பொண்ணுங்களக் கூட்டிட்டுப் போனா தங்கறதுக்குத் தனி ரூம், தனி பர்மிஷன், தலைவலி" என்று இவளை விட்டுவிட்டுப் போனார்கள். இவளுடைய பெடல் அவர்களோடு போனது. அதே வாரம் பரீட்சை முடிவும் வந்தது. பெடலோடு கிடந்ததில் படிக்காமல் விட்ட இரண்டு பாடங்களிலும் தோற்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பெரிய பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாளைக்கு வருகிறவள் எடுத்துவருகிற பெட்டி அல்ல அது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எனக்கு வேணாம்மா. நான் படிக்கல" என்றாள்.

அக்கா வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது: "உங்க மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். அவங்க முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. போனையே அணைச்சு வெச்சுட்டேன்."

உன்கிட்டதான் முதல்ல சொல்றேன் என்பதோடு அக்காவின் காது அடைத்துவிட்டது. மீதி கேட்கவில்லை. மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "விட்டுடு கண்ணு. நீ கஷ்டப்பட்டு ஒண்ணும் கிழிக்க வேணாம். அம்மா இருக்கேன்ல" என்று ஒரே போடாகப் போட்டாள்.

மகள் அழுது முடித்துத் தூங்கியதும் கணவர் மெல்ல வந்தார். "யோசிச்சுத்தான் சொன்னியா?"

"புள்ள அழுதுட்டிருக்கா, யோசிக்கச் சொல்றீங்க?"

"இல்ல, அவ அழுகை நிக்கணும்னு சொன்னியா, அவ இங்கயே இருக்கணும்னு சொன்னியான்னு கேட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படித்தான்.

அடுத்து வந்த நாட்கள் அக்காவுக்குத் திருவிழா. மகள் பக்கத்தில் தூங்கினாள். தலையைக் காட்டினாள், வாரிவிட்டாள். மேடம் சொன்னாங்க என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. காலையில் வண்டியில் மேடத்தின் பக்கத்தில் உட்காரும்போது ஜெயித்தவளின் முதுகு நிமிர்வோடு உட்கார்ந்தாள். மேடத்துக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கியர் மாற்ற மறந்தார். பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் டிரைவிங் பள்ளியில் போன் எடுக்கிற பெண் வராமல் நின்றுவிட்டாள். சும்மாதானே இருக்கிறாள் என்று அக்கா மகளைக் கூட்டிவந்து மேசையில் உட்காரவைத்தாள். மத்தியானம் ஒரு வகுப்பு முடிந்து சாவியோடு உள்ளே நுழைந்தபோது, முதலாளி அந்தப் பெண் எழுதியிருந்ததைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கையெழுத்து நல்லாருக்கேம்மா. பேசாம இங்கயே எழுதிட்டு இருந்துடேன்" என்றார்.

"சரி சார்" என்றாள் மகள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அக்காவுக்கு எங்கேயோ சுரீர் என்றது. அந்தச் சரி சார் அவளுக்குப் பழக்கமான குரல். இதே மேசையில், இதே நாற்காலியில், இவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது முன்கதவு வழியே வண்டிகள் கிளம்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததும் ஞாபகம் வந்தது. அவள் பட்ட பொறாமைகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். மகள் கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் மேடம் பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் லாரி. சாவியைத் திருப்பினார், உறுமியது, நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி நின்றது. அக்கா கைகொடுக்கவில்லை. எத்தனையாவது தடவையோ வண்டி முக்கி முனகி மேலேறியது. இறக்கத்துக்கு வந்ததும் மேடம் ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. மனசு வண்டில இல்ல. எங்க பொண்ணு ஒருத்தி படிப்ப விட்டுட்டுப் போயிட்டா. போன் எடுக்க மாட்டேங்கறா."

அக்கா சாலையையே பார்த்தாள். "போறவ போறா. உங்களுக்கு வேற பொண்ணுங்க இல்லையா?"

"இருக்காங்க. ஆனா இவதான் அந்த ஷெட்டு. கையில ஸ்பேனர் இருக்கும்போது எவனாவது வந்து எட்டிப் பார்த்தா, 'வரிசைல நில்லுடா'ம்பா. சின்னப் பொண்ணுங்க எல்லாம் இவ பின்னாடியே சுத்தும். அப்பப்பா, என்ன சிரிப்பு! இவ சிரிச்சா தகரக் கூரை அதிரும்."

"சத்தமாவா சிரிப்பா?" அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"தெருவே திரும்பிப் பார்க்கும்."

வீட்டில் அந்தப் பெண் சிரித்தால் பல்கூடத் தெரியாது. இத்தனை வருடம் பெற்று வளர்த்த வீட்டில் இல்லாத ஒரு பெண், ஒரு தகர ஷெட்டுக்குள் அதட்டிக்கொண்டும் அதிரச் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இவளோ அதைப் பார்த்ததே இல்லை. இந்தத் தடித்த கண்ணாடி வாராவாரம் பார்த்திருக்கிறது. அக்கா அதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

"வீட்டுக்கே போய்க் கூப்பிட வேண்டியதுதானே?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார். "அவங்க அம்மா வந்துடுன்னு சொல்லியிருப்பாங்கக்கா. அம்மா சொன்னதுக்கு எதிரா நான் போய் நின்னா அந்தப் பொண்ணு ரெண்டு துண்டாயிடும். அவங்களாத்தான் திருப்பி அனுப்பணும்." பிறகு வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, வண்டியை எடுத்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்.

அன்று சாயங்காலம் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள். "கண்ணு, நீ திரும்பப் போயிடு. ரெண்டு பேப்பர்தானே, எழுதிக்கலாம்."

மகள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதானேம்மா விடுன்னு சொன்ன?"

"அப்ப ஏதோ சொன்னேன்."

"இப்பவும் ஏதோ சொல்ற. நாளைக்கு நான் அழுதா மறுபடி விடுன்னுவ. நீ எப்பவும் என் பக்கம்தாம்மா. அதனால நீ சொல்றத வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது."

கோபமில்லாமல், பிரியமாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. அக்கா இன்னும் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மகள் அடுத்த துணியை எடுத்தாள். தன் சொல் இந்தப் பெண்ணிடம் செல்லாது என்பது அக்காவுக்கு விளங்கிவிட்டது. யாருடைய சொல் செல்லும் என்பதும் தெரியும். அதைச் சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள். அதன் பிறகும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியட்டும் என்று திரும்பி வந்தாள்.

"மேடம் சொன்னாங்க" என்றாள்.

மகளின் கை நின்றது. "எந்த மேடம்?"

"எந்த மேடமா! உங்க மேடம்தான். என்கிட்டதான் வண்டி கத்துக்கறாங்க. உன்கிட்ட சொல்லல, அவ்ளோதான்."

"எங்க மேடமா? உன் வண்டிலயா? என்னம்மா சொன்னாங்க?" துணியெல்லாம் கீழே சரிந்தது.

அக்காவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தயாராக இல்லை. மேடம் சொன்னதை அப்படியே சொன்னால், பாவம் மேடம் தவிக்கிறார் என்று இந்தப் பெண் அழும், வேறொன்றும் நடக்காது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். "பாலத்து மேல வண்டி நின்னுபோச்சு. பின்னால லாரிக்காரன் கத்தறான். இவங்க திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்றாங்க. அப்ப சொன்னாங்க, 'எனக்குத் தினமும்தான் வண்டி நின்னுபோகுது. அதுக்காக நான் நடுரோட்டுல இறங்கி, பின்னால கத்தறவன்கிட்ட சாவியக் குடுத்துட்டா போறேன்? உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ செஞ்ச பிரேக்குதான் அந்த வண்டில இருக்கு. அத யார் மிதிக்கணும்னு அவதான் சொல்லணும்'னாங்க."

"மேடமா அப்படிச் சொன்னாங்க?"

"பின்ன, நானா சொல்வேன்?"

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்வது. யாரோ உள்ளே விளக்குப் போட்டது போலிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகம் தன் பக்கம் திரும்பி அக்கா பார்த்ததில்லை. இப்போதும் அது இவள் பக்கம் திரும்பவில்லை, இவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டி மூடியாயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மேடத்துக்கு ஷெட் நாள், வண்டி வகுப்பு இல்லை. அக்காவே வண்டியில் கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் இறக்கினாள். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். பட்டறையின் பின்பக்கமிருந்து பெண் குரல்கள் கூவுவது கேட்டது. உள்ளே போய் அந்தத் தகரக் கூரையைப் பார்க்க அக்காவுக்கு ஆசைதான். போகவில்லை. போனால் மேடத்தைப் பார்க்கவேண்டும். புளுகு உடைந்தால் பெட்டி மறுபடி வீட்டுக்கு வந்துவிடும்.

அன்று முழுக்க அந்தப் பயம்தான். மகள் சும்மா இருப்பாளா, போன கையோடு மேடத்திடம் கேட்பாள். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அந்த நல்ல மனுஷி சொல்லிவிடுவாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியான வகுப்பில் ஒரு மாணவி வண்டியை மதில்மேல் ஏற்றப் பார்த்தாள். அக்கா பிரேக்கை மிதிக்க மறந்ததில், அந்த மாணவியே சமாளித்து நிறுத்தினாள்.

சாயங்காலம் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், சிரிப்பு.

"அம்மா! மேடம்கிட்ட கேட்டேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன கேட்ட?"

"பாலத்து மேல எங்கம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்களாமேன்னு. முழுசும் சொன்னேன். கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. அப்புறம், 'ஆமா, நான்தான் சொன்னேன்'னாங்க. அடுத்த வருஷம் டீம் போறப்ப பொண்ணுங்களுக்கு ரூம் போடற பொறுப்ப அவங்களே எடுத்துக்கறாங்களாம். இன்னொண்ணு தெரியுமா? நீதான் என் அம்மான்னு அவங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியுமாம். எங்கம்மாகிட்டதான் கத்துக்கணும்னு தேடித்தான் வந்தாங்களாம். நீ சொல்லலையேன்னு அவங்களும் சொல்லலையாம்."

முதல் நாளிலிருந்தா! அப்படியானால் சந்தைத் தெருவில் விட்டது, யாருமில்லாத சாலையில் பிரேக் போட்டது, பள்ளம் என்றது எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். அவங்களாத்தான் திருப்பி அனுப்பணும் என்று சொன்னது யாரோ ஓர் அம்மாவைப் பற்றி அல்ல. போதாதற்கு இவள் வயிறெரிய யோசித்துச் சொன்ன பேச்சையும், கேட்ட மாத்திரத்தில், தன் பேச்சு என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பெண் இனி நிற்பாள். அந்தச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்தப் பேச்சை அவளே வைத்துக்கொண்டாளே என்ற ஆத்திரத்திலும் அழுகை வந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"மேடம் மட்டும் அப்படிச் சொல்லலைன்னா நான் வந்தே இருக்க மாட்டேம்மா. அவங்கள மாதிரி யாரும் வருவாங்களா, நீயே சொல்லு."

பின்னால் யாரோ எதையோ கீழே போட்டார்கள். மகள் சிரித்தாள். போன் அதிர்கிற சிரிப்பு. அக்கா அதை முதன்முதலாகக் கேட்டாள்.

"வர மாட்டாங்க கண்ணு" என்றாள். "உங்க மேடம் மாதிரி யாரும் வர மாட்டாங்க."

அதுவும் பொய்யாக இருந்திருந்தால் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.